பிளாஸ்டர், பெயிண்டருக்குத் தேர்வு வைக்கும் எக்ஸாமினர் ஆவது எப்படி? (ஜுபைல்)

பரமக்குடி செல்வம்:

எல்லோருக்கும் வணக்கம். சவுதியின் ஜுபைலில் ஒரு ஃபேப்ரிகேஷன் யார்டில் கோட்டிங் இன்ஸ்பெக்டராக, அதாவது இரும்பின் மேல் அடித்த பெயிண்டைச் சோதிப்பவனாக இருக்கிறேன். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு இங்கே வந்தவன். நேஸ் அமைப்பின் இன்ஸ்பெக்டர் தகுதியில் லெவல் 1, லெவல் 2 இரண்டும் முடித்தாயிற்று. கார்டு இப்போது, நேஸ் இணைந்து உருவான ஏஎம்பிபி பெயரில் வருகிறது.

பிளாஸ்டர்களுக்கும் (காற்றழுத்தத்தில் கிரிட் துகளை அடித்து இரும்பின் துருவை நீக்குபவர்கள்) பெயிண்டர்களுக்கும் தகுதித் தேர்வு நடத்திச் சான்றிதழ் தரும் ஒரு தேர்ட் பார்ட்டி நிறுவனம், எக்ஸாமினராக வருகிறாயா என்று கேட்டிருக்கிறது. சம்பளம் கொஞ்சம் கூட. வெயிலில் டேங்க் மேலே ஏறி இறங்கும் வேலையும் குறையும். ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் சில விஷயங்கள் உறுத்துகின்றன.

வேலை முடிந்த பிறகு அளந்து பார்த்துத்தான் எனக்குப் பழக்கம். டிஎஃப்டி (காய்ந்த பெயிண்டின் தடிமன்) எடுப்பேன், புரொஃபைல் (பிளாஸ்ட் செய்த பரப்பின் கரடு) எடுப்பேன், பரப்பில் உப்பு பார்ப்பேன். பிளாஸ்ட் நாசிலை ஒரு ஷிஃப்ட் முழுக்கப் பிடித்தவன் இல்லை. அப்படிப்பட்டவன் இன்னொருவரின் கைவேலைக்கு மார்க் போடலாமா? இன்ஸ்பெக்டர் கார்டு இருந்தால் போதும் என்று அவர்கள் சொல்வது சரியா?

இன்னொன்று. எங்கள் யார்டிலேயே ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்து ஆட்கள் நிறைய. அவர்களுக்கு நானே தேர்வு வைக்கும்படி வந்தால் என்ன செய்வது? ஊரில் வட்டிக்கு வாங்கிக் கட்டிவிட்டு வந்த மனிதரை ‘ஃபெயில்’ என்று எழுத எனக்குக் கை வருமா என்று தெரியவில்லை. இந்த வேலையில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

---

மணப்பாட்டுக்காரன்:

தம்பி செல்வம், நான் இந்த வேலையில்தான் இருக்கிறேன். அதற்கு முன் இன்ஸ்பெக்டர், அதற்கும் முன் பிளாஸ்டர். தூத்துக்குடியில் கிரிட் அள்ளிப் போடும் ஹெல்பராகத் தொடங்கியவன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கார்டு போதுமா என்றால், போதாது. அதை ஒதுக்கவும் முடியாது. ஏஎம்பிபியில் பேசிக், சர்டிஃபைடு, சீனியர் சர்டிஃபைடு என்று மூன்று படி. நார்வேக்காரர்களின் ஃப்ரோசியோ சான்றில் வெள்ளை, பச்சை, சிவப்பு என்று மூன்று நிலை. எதில் ஏறினாலும் அது நீங்கள் ஒரு வேலையைச் சோதிக்கத் தகுந்தவர் என்பதற்கான சான்று. ஆளைச் சோதிப்பது வேறு வேலை. இன்ஸ்பெக்டர் ‘ரிஜெக்ட்’ என்று எழுதினால் மறுபடி பிளாஸ்ட் செய்து, மறுபடி அடித்து, மாலைக்குள் சரியாகிவிடும். எக்ஸாமினர் எழுதுவது ஒரு மனிதரின் பெயருக்கு நேராக நிற்கும்.

முக்கியமாக நான் சொல்ல வந்தது இதைத்தான்: பேனலை, அதாவது தேர்வுத் தகட்டைப் பார்க்காதீர்கள், ஆளைப் பாருங்கள். இன்ஸ்பெக்டராக இருந்து வருகிற எல்லோரும் முதலில் செய்வது என்ன? நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார்கள். ஆள் வேலையை முடித்ததும் தடிமன் அளக்கும் கேஜை எடுத்துக்கொண்டு போவார்கள். 15 ரீடிங் எடுத்து, சராசரி வந்துவிட்டால் பாஸ். அது பேனலுக்கு வைத்த தேர்வு. ஸ்பிரே கன்னை விசிறி மாதிரி வளைத்து வளைத்து அடிக்கிறவர் ஓரத்தில் மெலிந்த இடத்தை இன்னொரு தரம் போய் நிரப்பிவிடுவார். சின்ன பேனலில் ரீடிங் அழகாக வரும். அதே கை ஒரு டேங்க் சுவரில் ஏறினால் ஒரு இடத்தில் 90 மைக்ரான், அடுத்த அடியில் 300. இதைக் கேஜ் காட்டாது. அவர் மணிக்கட்டு காட்டும், தோள் காட்டும், ஒவ்வொரு பாஸ் (கன்னின் ஒரு வீச்சு) முடிவிலும் டிரிகரை விடுகிறாரா என்பது காட்டும்.

மறுபுறமும் உண்டு. கை சுத்தமான கையாக இருக்கும், கன்னின் முனையில் உள்ள டிப் தேய்ந்துபோயிருக்கும். 517 என்று டிப்பில் போட்டிருந்தால், முதல் எண்ணை இரட்டித்து, ஃபேன் (பெயிண்ட் விரியும்) அகலம் 10 அங்குலம், துளை அங்குலத்தில் ஆயிரத்தில் 17 பங்கு. தேய்ந்தால் ஃபேன் குறுகிப் பெயிண்ட் அதிகமாகக் கொட்டும். ஓவர்லாப் சரியாக விட்டாலும் கோடு கோடாகத்தான் விழும். அந்தத் தேய்மானத்துக்கு அந்த மனிதர் ஏன் ஃபெயிலாக வேண்டும்? ஆகவே தேர்வு நாளில் முதலில் சோதிக்க வேண்டியது உங்கள் ஏற்பாட்டைத்தான். பிளாஸ்ட் நாசிலில் 6-ஆம் நம்பர் என்றால் 6/16 அங்குலத் துளை. அது தேய்ந்து 7 ஆகிவிட்டால் காற்று மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதலாக வேண்டும். கம்ப்ரெஸர் அதைத் தராவிட்டால் அழுத்தம் விழும். கம்ப்ரெஸரில் இருக்கும் மீட்டரை நம்பாதீர்கள். நாசிலுக்குச் சற்றுப் பின்னால் ஹோஸில் ஊசி கேஜைக் குத்தி, கிரிட் ஓடும்போது பாருங்கள். 100 பிஎஸ்ஐ வேண்டிய இடத்தில் 70 இருந்தால் காலையில் வந்த ஆளும் மாலையில் வந்த ஆளும் ஒரே தேர்வை எழுதவில்லை என்று அர்த்தம். நான் ஒவ்வொரு ஆளுக்கு முன்னும் குத்திப் பார்த்து ஷீட்டில் எழுதுவேன். கூடவே காற்றில் எண்ணெய், தண்ணீர் வருகிறதா என்று வெள்ளைத் துணியில் ஒரு நிமிடம் ஊதிப் பார்ப்பேன். ஏஎஸ்டிஎம் டி4285 கேட்பது அவ்வளவுதான்.

ஸ்டீலும் அப்படித்தான். எல்லோருக்கும் ஒரே துரு நிலை. ஒருவருக்கு ஐஎஸ்ஓ 8501-1 படி ஏ கிரேடு, மில் ஸ்கேல் (ஆலையிலேயே படியும் ஆக்ஸைடு படலம்) ஒட்டிய புதுத் தகடு. இன்னொருவருக்கு டி கிரேடு, குழி விழுந்த பழைய தகடு என்று கொடுத்துவிட்டு இருவரிடமும் அதே நேரத்தில் எஸ்ஏ 2½ என்ற உயர்ந்த சுத்த நிலையைக் கேட்பது அநியாயம். தட்டையான தகட்டை மட்டும் கொடுப்பதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. ஆங்கிளின் உட்புறம், ஃபிளாஞ்சின் முதுகு, போல்ட் துளை, வெல்டு ஓரம், ஒரு துண்டு பைப் இதெல்லாம் ஒரே பீஸில் இருக்க வேண்டும். துரு ஆரம்பிப்பது அங்கேதான். அங்கே நாசிலை எப்படித் திருப்புகிறார், பெயிண்டர் ஸ்பிரேக்கு முன் பிரஷ் எடுத்து ஓரத்துக்கு ஸ்ட்ரைப் கோட் போடுகிறாரா, சொல்லாமலே போடுகிறாரா, இதையெல்லாம் வேறு எப்படிப் பார்ப்பீர்கள்? எஸ்ஏ 2½ தானா என்று மதிப்பிடும்போது ஐஎஸ்ஓ படப் புத்தகத்தைப் பேனல் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் நினைவிலிருந்து சொல்ல வேண்டாம். சாயங்கால வெளிச்சத்தில் கண் ஏமாற்றும்.

ஜுபைலில் இருப்பதால் இதையும் சொல்ல வேண்டும். தகட்டின் வெப்பம் டியூ பாயிண்டைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியும் வெப்பநிலை) 3 டிகிரியாவது மேலே இருக்க வேண்டும், ஈரப்பதம் 85 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகஸ்டில் விடிகாலையில் கடலோரத்தில் அது கிடைக்காது. மதியம் தகடு கொதிக்கும், பெயிண்ட் போய்ச் சேருவதற்குள் காய்ந்து டிரை ஸ்பிரே ஆகும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12 முதல் 3 வரை வெயிலில் வேலை வாங்கவும் கூடாது. ஆகவே கோடையில் தேர்வு என்றால் நிழல் ஷெட் வேண்டும். இல்லையென்றால் தள்ளிப் போடுங்கள். ‘இன்றைக்கே முடித்துக் கொடுங்கள்’ என்று கான்ட்ராக்டர் அழுத்துவார். அந்த அழுத்தத்தைத் தாங்குவதற்கும் சேர்த்துத்தான் உங்களுக்குச் சம்பளம்.

நாசில் பிடிக்காதவன் மார்க் போடலாமா என்று கேட்டீர்கள். போடக் கூடாது என்பதுதான் என் எண்ணம். உங்கள் ஃபோர்மேனிடம் சொல்லி, முறையாக ஹெல்மெட், ஏர் லைன், லெதர் எல்லாம் போட்டுக்கொண்டு, கை வலிக்கும்வரை பிளாஸ்ட் செய்யுங்கள். உள்ளே எவ்வளவு தெரிகிறது, எவ்வளவு தெரியாது என்று அப்போதுதான் புரியும். வைசரில் கீறல் விழுந்தால் பாதிப் பேனல் தெரியாது. அது தெரியாத எக்ஸாமினர் ‘கண் சரியில்லாத ஆள்’ என்று எழுதிவிடுவார்.

படிக்க வேண்டியவை: சவுதி எண்ணெய் நிறுவனமான அராம்கோவின் வேலை என்றால் எஸ்ஏஇபி-316. கோட்டிங் ஆட்களின் தகுதியைச் சோதிப்பதற்கென்றே இருக்கும் நடைமுறை அது. கடைசித் திருத்தத்தை வாங்கி வரிக்கு வரி படியுங்கள். அடுத்து எஸ்எஸ்பிசி, நேஸ் என்ற இரண்டு அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட எஸ்எஸ்பிசி ஏசிஎஸ்-1, அதாவது நேஸ் நம்பர் 13. ஒரு அப்ளிகேட்டருக்கு (பெயிண்ட் அடிப்பவருக்கு) என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை அதில் விரிவாகப் பார்க்கலாம். அந்த இரண்டு அமைப்பும் 2021-இல் ஒன்றாகி ஏஎம்பிபி ஆயின. கடைசியாக ஐஎஸ்ஓ/ஐஇசி 17024. ஆட்களுக்குச் சான்று தரும் அமைப்பு எப்படி நடக்க வேண்டும் என்று சொல்வது. உங்கள் சொந்த ஊர்க் கேள்விக்கு அதில் பதில் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.

---

நாகூர் பெயிண்டர்:

அண்ணே, நான் எக்ஸாமினர் இல்ல. தேர்வுக்குப் போய் நின்னவன். ஒரு விஷயம் சொல்லணும்னு தோணிச்சு.

ரெண்டு வருசம் முன்னாடி ஒரு எடத்துல டெஸ்ட்டு. ஸ்பிரே நல்லாவே பண்ணேன், ரன் இல்ல, சேக் இல்ல, எங்கயும் வழியல, பாத்தவரே தலையாட்டினாரு. அப்புறம் உக்கார வச்சு இங்கிலீஷ்ல கேள்வி. ‘இண்டக்‌ஷன் டைம்னா என்ன?’ எனக்கு வாய் அடைச்சுப் போச்சு. நான் தினமும் பேஸையும் ஹார்டனரையும் கலக்கி, டப்பாவுல போட்டிருக்குற நேரத்துக்கு வச்சுட்டு அப்புறம்தான் பம்புல ஊத்துறவன். சூடு ஏறிக் கெட்டியாக ஆரம்பிச்சா தின்னர் ஊத்தி இழுக்கக் கூடாது, கொட்டிடணும்னும் தெரியும். என் ஹெல்பருக்கே இதத்தான் சொல்லிக் குடுப்பேன். ஆனா அன்னிக்கு அவரு கேட்டது அதுதான்னு எனக்குத் தெரியல. ஓரல்ல ஃபெயில். ஒரு வருசம் ஹெல்பர் கிரேடு சம்பளம்.

செல்வம் அண்ணே, நீங்க எக்ஸாமினர் ஆனா தயவுசெஞ்சு தமிழ்லயோ ஹிந்திலயோ கேளுங்க. இல்லன்னா டப்பாவக் கையில குடுத்து, ‘இத எப்படிக் கலப்ப, காட்டு’ன்னு சொல்லுங்க. காட்டிருவோம்.

---

மணப்பாட்டுக்காரன்:

நாகூர்த் தம்பி, உங்களுக்கு நடந்தது தவறு. உங்களிடம் சோதிக்க வேண்டியது பெயிண்ட் அறிவு, ஆங்கிலம் இல்லை. ஸ்கீம், அதாவது தேர்வு விதிகளை எழுதும்போதே ‘வாய்மொழிக் கேள்வி ஆள் பேசும் மொழியில்’ என்று போட்டுவிட வேண்டும். மொழிபெயர்க்க ஆள் வைத்தால் அவர் அதே கம்பெனி ஃபோர்மேனாக இருக்கக் கூடாது. ஃபோர்மேன் கேள்வியை மொழிபெயர்ப்பதோடு பதிலையும் சேர்த்துச் சொல்லிவிடுவார், அல்லது பிடிக்காத ஆள் என்றால் பாதியை விழுங்கிவிடுவார். இரண்டையும் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் சொன்ன ‘காட்டு’ முறைதான் நான் செய்வதும். வெட் ஃபிலிம் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். வால்யூம் சாலிட்ஸ் (காய்ந்த பிறகு மிஞ்சும் பங்கு) 80 சதவீதம், காய்ந்த பிறகு 160 மைக்ரான் வேண்டும் என்றால் ஈரத்தில் 200. பத்து சதவீதம் தின்னர் ஊற்றினால் 220. சூத்திரத்தை ஒப்பிக்கச் சொன்னால் நல்ல பெயிண்டர்கள் பலர் திணறுவார்கள். நான் ஈரப் பெயிண்டின் தடிமனை அளக்கும் சீப்பைக் கையில் கொடுத்து, ‘இந்த டப்பா, இந்தத் தின்னர், 160 வேண்டும், சீப்பில் எந்தப் பல்லில் நனையணும்?’ என்று கேட்பேன். சிலர் மனக்கணக்காகச் சொல்வார்கள், சிலர் டப்பா ஷீட்டைப் பார்த்துச் சொல்வார்கள். இரண்டும் எனக்குச் சரி. ‘தின்னர் ஊத்தினா இன்னும் கொஞ்சம் கனமாப் போடணும்’ என்பது தெரியாதவருக்குத்தான் மார்க் குறையும்.

செல்வம், இப்போது உங்கள் ஊர்க்காரர் விஷயம். 17024-இல் தெளிவாக இருக்கிறது: நீங்கள் பயிற்சி கொடுத்த ஆளுக்கு, அந்தப் பயிற்சி முடிந்து இரண்டு வருடம் வரை நீங்கள் எக்ஸாமினராக இருக்கக் கூடாது. அதைக் குறைப்பதென்றால் நடுநிலை கெடவில்லை என்று அமைப்புக் காட்ட வேண்டும். வேறு விதமான உறவு, ஒட்டு இருந்தாலும் தேர்வுக்கு முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு என்ன ஏற்பாடு என்று அமைப்புத் தீர்மானிக்கும். உங்கள் பழைய யார்டின் ஆட்கள் வருகிறார்கள் என்றால் முதல் நாளே மெயில் போட்டுவிடுங்கள், வேறு எக்ஸாமினரை அனுப்பச் சொல்லுங்கள். ஒரே மாவட்டம் என்பது மட்டும் காரணமாகாது. ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டவர் என்றால் காரணம்தான்.

ஃபெயில் எழுதக் கை வருமா என்று கேட்டீர்களே, அதைத்தான் முதலில் சொல்ல நினைத்தேன். ஏர்லெஸ் பம்ப் (பெயிண்டை உயர் அழுத்தத்தில் தள்ளுவது) 45:1 என்றால் 5 பார் காற்று உள்ளே போனால் டிப்பில் 225 பார். அடைத்த டிப்பை விரலால் தடவுகிற ஆளை நீங்கள் இரக்கப்பட்டு அனுப்பிவிட்டால், ஒரு நாள் பெயிண்ட் தோலுக்குள் ஏறும். வெளியே பார்த்தால் ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளிதான். பேண்டேஜ் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார்கள். உள்ளே தின்னரும் எப்பாக்ஸியும் தசையைத் தின்னும். உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரல் போகும், சிலருக்குக் கையே போகும். வட்டிக்கு வாங்கி வந்த மனிதருக்கு ஒரு கை இல்லாமல் ஊருக்குப் போவதைவிடப் பெரிய நஷ்டம் எது?

அதனால் என் ஷீட்டில் சில வரிகளுக்கு மார்க்கே கிடையாது. செய்தால் தேர்வு அங்கேயே நிற்கும். டெட்மேன் ஹேண்டிலை (கையை விட்டால் பிளாஸ்ட் தானே நிற்கும் கைப்பிடி) கம்பியால், டேப்பால் கட்டி வைப்பது. கன்னையோ நாசிலையோ மனிதர் பக்கம் திருப்புவது. பிரஷர் விடாமல் டிப் கழற்றுவது, ஹோஸ் கப்ளிங்கைத் தொடுவது. பிளாஸ்ட் நடக்கும் இடத்தில் ஹெல்மெட்டைத் தூக்குவது. மற்ற எதிலும் குறை இருந்தால் மார்க் குறையும்; இவற்றில் பேச்சே இல்லை. தேர்வு தொடங்கும் முன் ஒவ்வொருவரிடமும் அவர் மொழியில் இதைச் சொல்லிவிடுவேன். சொன்ன பிறகும் செய்கிறார் என்றால் அது பதற்றம் இல்லை, பழக்கம்.

---

சிங்கை யார்டு:

நல்ல விவாதம். கப்பல் பக்கத்திலிருந்து ஒரு விஷயம் சேர்க்கிறேன். நாங்கள் பேலஸ்ட் டேங்க் (கப்பலைச் சமநிலைப்படுத்தக் கடல்நீர் நிரப்பும் தொட்டி) வேலை செய்பவர்கள். சர்வதேசக் கடல்சார் அமைப்பான ஐஎம்ஓவின் பெயிண்ட் தரநிலை பிஎஸ்பிசி 2006 டிசம்பரில் நிறைவேறியது. 2008 ஜூலை 1 முதல் போட்ட கட்டுமான ஒப்பந்தங்களுக்குப் பொருந்தும். இரண்டு ஸ்ட்ரைப் கோட், இரண்டு ஸ்பிரே கோட், எப்பாக்ஸிக்கு 320 மைக்ரான், உப்பு சதுர மீட்டருக்கு 50 மில்லிகிராமுக்குள், வெட்டு ஓரமெல்லாம் 2 மி.மீ. வளைவு. பதினைந்து வருடம் தாங்க வேண்டும் என்ற இலக்கு.

இன்ஸ்பெக்டருக்கு நேஸ் லெவல் 2 அல்லது ஃப்ரோசியோ லெவல் 3 அல்லது அதற்குச் சமமானது வேண்டும் என்று அது கேட்கிறது. பெயிண்டருக்கு அப்படி ஒரு கார்டை அது பெயர் சொல்லிக் கேட்பதில்லை. அதனால் யார்டுகள் தாங்களே உள்ளே தேர்வு வைக்கின்றன. டேங்க் உள்ளே குனிந்து, ஸ்டிஃபனர் (சுவரைப் பலப்படுத்தும் இரும்புப் பட்டை) பின்னால் கண்ணாடி வைத்துப் பார்த்து ஸ்ட்ரைப் கோட் போடும் ஆளை வெட்டவெளியில் நின்ற பேனலில் சோதித்துப் பயனில்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். எங்கள் தேர்வுப் பீஸ் ஒரு சின்ன டேங்க் மூலை. இடுப்பளவு உயரம், உள்ளே இரண்டு ஸ்டிஃபனர், ஒரு ஸ்கேலப் (தகட்டு மூலையில் வளைவாக வெட்டிய துளை). சோம்பேறி பிரஷ் அந்த ஸ்கேலப்பில் தெரிந்துவிடும்.

ஒரு கேள்வி மணப்பாட்டு அண்ணனுக்கு. நீங்கள் ரீடிங்கை எந்தக் கணக்கில் ஏற்கிறீர்கள்? 90/10 தானா?

---

மணப்பாட்டுக்காரன்:

ஸ்கீம் எதைச் சொல்கிறதோ அதில்தான். பிஎஸ்பிசி வேலை என்றால் 90/10. அதாவது ரீடிங்கில் 90 சதவீதம் சொன்ன அளவுக்குக் குறையக் கூடாது. மீதி 10 சதவீதமும் சொன்ன அளவில் 90 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. ஐஎஸ்ஓ 19840 என்றால் சராசரி சொன்ன அளவுக்குக் குறையக் கூடாது, எந்த ஒன்றும் 80 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது, 80-க்கும் 100-க்கும் இடையே விழுபவை மொத்தத்தில் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அதோடு பிளாஸ்ட் செய்த கரட்டுப் பரப்புக்காகக் கழிக்க வேண்டிய அளவு: நைஸாக இருந்தால் 10, மீடியமுக்கு 25, கரடாக இருந்தால் 40 மைக்ரான். எஸ்எஸ்பிசி பிஏ 2 என்றால் ஒரு புள்ளிக்கு மூன்று ரீடிங்கின் சராசரி, சுமார் 10 சதுர மீட்டருக்கு ஐந்து புள்ளி. இதில் ஒன்றைத் தேர்வுக்கு முன்பே எழுதி வைத்து, ஆளுக்கும் சொல்லிவிட வேண்டும். ரீடிங் எடுத்த பிறகு ‘எந்தக் கணக்கில் போட்டால் பாஸாவார்’ என்று தேடுகிற எக்ஸாமினர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். பாஸ் போடத்தான் தேடுகிறார்கள் என்றாலும் அடுத்த ஆளுக்கு அது துரோகம்.

ஸ்கேலப் யோசனை அருமை. எடுத்துக்கொள்கிறேன்.

---

டீஸ் கரை:

இங்கிலாந்தின் வடகிழக்கில் பாலங்கள், டேங்க்குகள் பெயிண்ட் செய்யும் கம்பெனியில் இருக்கிறேன். இங்கே அப்ளிகேட்டர்களுக்கு இன்ஸ்டிட்யூட் ஆஃப் கொரோஷனின் ஐகேட்ஸ் என்ற பயிற்சிக் கார்டு கேட்பார்கள். எக்ஸாமினர் பக்கத்தில், தொழிற்கல்வி மதிப்பீட்டாளர்களுக்கென்று லெவல் 3 சான்றிதழ் ஒன்று தனியாக உண்டு, காவா என்பார்கள். பெயிண்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முடி வெட்டுபவரை மதிப்பிடுபவரும் அதையேதான் படிக்கிறார். ஆனால் அதில் கற்றுக்கொண்ட ஐந்து கேள்விகள் எனக்குப் பெரிய உதவி. நான் பார்த்த சான்று, சோதிக்க வேண்டியதைத்தான் சோதிக்கிறதா? அது அவரே செய்ததுதானா? இன்றைய திறமையா, பழைய கதையா? முடிவெடுக்கப் போதுமான அளவு இருக்கிறதா? இன்னொருவர் பார்த்தாலும் இதே முடிவுதான் வருமா?

கடைசிக் கேள்விக்கு ஒரே வழி, இரண்டு பேர் தனித்தனியாக ஒரே ஆளுக்கு மார்க் போட்டுவிட்டுப் பிறகு ஷீட்டை ஒப்பிடுவது. செல்வம், உங்களை எடுக்க நினைக்கும் நிறுவனம் இதைச் செய்கிறதா என்று கேளுங்கள்.

ஊருக்குத் திரும்பி இந்த வேலை செய்ய நினைப்பவர்களுக்கு: இந்தியாவில் பெயிண்ட்ஸ் அண்ட் கோட்டிங்ஸ் ஸ்கில் கவுன்சில் இருக்கிறது. அங்கே பயிற்சியாளர் தனி, மதிப்பீட்டாளர் தனி.

---

பரமக்குடி செல்வம்:

இவ்வளவு பேர் இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. நாகூர்த் தம்பி எழுதியதைப் படித்து மனது கஷ்டமாகிவிட்டது. எங்கள் யார்டிலும் அந்த மாதிரி இரண்டு பேர் இருக்கிறார்கள்.

நிறுவனத்திடம் இன்று போனில் பேசினேன். முதலில் ஒரு சீனியர் எக்ஸாமினருடன் சும்மா பார்ப்பது, பிறகு அவர் பார்க்க நான் மார்க் போடுவது, அதன் பிறகுதான் தனியாக என்று சொன்னார்கள். டீஸ் கரை சொன்ன மாதிரி இரண்டு ஷீட் ஒப்பிடுவது பற்றிக் கேட்டேன். ‘அது ஆரம்பத்தில் மட்டும்’ என்றார்கள்.

இன்னும் ஒரே சந்தேகம், மணப்பாட்டு அண்ணே. தேர்வு முடிந்ததும் ஆள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். பாஸா ஃபெயிலா என்று அப்போதே சொல்லலாமா?

---

மணப்பாட்டுக்காரன்:

சொல்லக் கூடாது, தம்பி. சொல்வதற்கு அது உங்கள் முடிவும் இல்லை. 17024 படி சான்று தரலாமா என்று தீர்மானிப்பவர், அந்த ஆளுக்குத் தேர்வு வைத்தவராகவோ பயிற்சி கொடுத்தவராகவோ இருக்கக் கூடாது. நீங்கள் பார்த்ததை எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்புகிறீர்கள். அங்கே வேறொருவர் முடிவெடுக்கிறார். ஆகவே நீங்கள் எழுதுவது, அங்கே இல்லாத ஒருவர் படித்தாலும் கண்முன் பார்த்த மாதிரி இருக்க வேண்டும். ‘ஸ்பிரே டெக்னிக் சரியில்லை’ என்று எழுதினால் எதுவும் சொல்லாததற்குச் சமம். ‘மூன்றாவது பாஸிலிருந்து கன்னுக்கும் தகட்டுக்கும் தூரம் அறுபது சென்டிமீட்டருக்கு மேல், வலது ஓரத்தில் டிரை ஸ்பிரே, டிரிகர் விடவில்லை’ என்று எழுதுங்கள். அந்த மனிதர் அப்பீல் செய்தாலும் அந்த வரிதான் பேசும். சில நேரம் அவருக்குச் சாதகமாகவே பேசும்.

ஆபத்தாக எதையாவது செய்திருந்தால் மட்டும் அங்கேயே, உடனே, அவரிடம் நேரில் சொல்லிவிடுங்கள். அது ரிசல்ட் இல்லை, அவர் நாளை வேலைக்குப் போய் அதையே செய்யக் கூடாது என்பதற்காக. மற்றபடி, ‘ரிசல்ட் ஆபீஸிலிருந்து வரும், சரியில்லை என்றால் மறுபடி எழுதலாம், மறுக்கவும் உரிமை உண்டு’ என்று அவர் மொழியில் சொல்லி, கை கொடுத்து அனுப்புங்கள். முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார் என்பது உண்மை. எனக்கு இன்னும் அது பழகவில்லை.

இரண்டு ஷீட் ஒப்பிடுவது ஆரம்பத்தில் மட்டும் என்று சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. எக்ஸாமினரின் மதிப்பீடு நம்பத் தகுந்ததா என்று தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்றும் 17024 கேட்கிறது. நான் இன்றைக்கும் இடையிடையே இன்னொருவர் பக்கத்தில் நிற்க மார்க் போடுகிறேன். ஆட்களைப் பார்த்துப் பார்த்து ஒருவிதத் தளர்ச்சி வரும், அல்லது கடுமை ஏறும். தனியாக இருந்தால் நமக்கே தெரியாது.

ஆகவே சேர்வதற்கு முன் அவர்களிடம் ஸ்கீம் ஆவணத்தைக் கேளுங்கள். எக்ஸாமினர் கண்காணிப்பு எப்படி, அப்பீல் எப்படி, வாய்மொழித் தேர்வு எந்த மொழியில், தேர்வுப் பீஸ் என்ன வடிவம், பாஸ் கணக்கு எது. ஐந்தும் எழுத்தில் இருந்தால் போங்கள், நல்ல வேலை. ‘அதெல்லாம் சேர்ந்த பிறகு பார்க்கலாம்’ என்றால் வேண்டாம், வேறு நிறுவனங்கள் இருக்கின்றன. அதற்கிடையில் இந்த வெள்ளிக்கிழமையே பிளாஸ்டிங் ஃபோர்மேனிடம் பேசி நாசிலைக் கையில் வாங்குங்கள். ஏர் லைன் ஃபில்டரைப் பார்த்துவிட்டு ஹெல்மெட் மாட்டுங்கள்.

என் மார்க் ஷீட்டில் கம்பெனி பெயரை எடுத்துவிட்டு நாளை இங்கே போடுகிறேன். நாகூர்த் தம்பி, நீங்களும் அதைப் பார்த்துவிட்டு, எந்தக் கேள்வி புரியவில்லை என்று சொல்லுங்கள். மாற்றி எழுதலாம்.